கடைசிப் படகு போன பிறகு

நெடுந்தீவு மாவிலித்துறையில் கால் வைக்கிற வெளியூர்க்காரர் முதலில் கேட்பது “கடைசிப் படகு எத்தனை மணிக்கு?” என்றுதான். துறையடியில் நிற்கும் ஓட்டோக்காரர்களுக்கு அது பழகிப்போன கேள்வி. நேரத்தைச் சொல்லிவிட்டு, மிச்சமிருக்கிற நாலு மணித்தியாலத்துக்குள் எத்தனை இடம் காட்டலாம் என்று விரல் மடக்கத் தொடங்கிவிடுவார்கள். பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, வளரும் கல், பெரிய பாதம், புறாக்கூடு, குதிரை. நேரம் மிஞ்சினால் குவிந்தாக் கோபுரம். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரு படம், பிறகு துறையை நோக்கி ஓட்டம்.

நானும் மூன்று தடவை அப்படித்தான் போய்வந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன், முற்றத்துக்கு எதிரே கிடக்கிற தீவை ஓட்டோவுக்குள் இருந்தபடி பார்த்துவிட்டு வந்தவன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால் நாலாவது தடவை, சோளகக் காற்று ஓய்ந்துகொண்டிருந்த புரட்டாதி மாதத்தில், இரண்டு இரவு தங்கிவிட்டு வருவதென்று உடுப்புப் பையோடு கிளம்பினேன்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 பிடித்தால் குறிகட்டுவான் இறங்குதுறைவரை அதே பஸ்தான். பண்ணைப் பாலம் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். முழங்கால் ஆழத் தண்ணீரில் களங்கட்டி வலைகள் கம்பு கம்பாக நிற்கும். மண்டைதீவுச் சந்தி, பிறகு அல்லைப்பிட்டி. ஷோபாசக்தியின் ஊர் இது. அவர் நடித்த ‘தீபன்’ படத்துக்கு 2015இல் கான் விழாவில் தங்கப்பனை கிடைத்தபோது, பாரிஸில் இருந்தவர்களைவிட இந்தச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அதைப் பற்றி அதிகம் கதைத்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

வேலணையில் பாதை பிரிகிறது. வலப்பக்கம் திரும்பினால் ஊர்காவற்றுறை. அந்தப் பக்கம் பஸ் போகவில்லை, ஆனால் கதை போகாமல் இருக்க முடியாது. போர்த்துக்கேயர் துறைமுக மேடையைக் குறிக்கும் தங்கள் ‘காய்ஸ்’ என்ற சொல்லை இந்தத் துறைக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அதுதான் ஆங்கிலத்தில் கயிட்ஸ் ஆயிற்று. அவர்கள் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இது பேர்போன துறை. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, நயினாதீவில் தமிழில் ஒரு கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறை என்ற இந்தத் துறைக்கு வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்கப்படும் என்கிறது அது. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் கணக்கு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் என்றால் சரிபாதி. சிங்கள அரசன், தமிழ்க் கல்வெட்டு, கடலுக்கு அப்பால் இருந்து வரும் வணிகன். இந்தக் கல்லை 1963இல் பேராசிரியர் கா. இந்திரபாலா வாசித்து வெளியிட்டார். வடக்கின் பழைய கற்களை வைத்து இன்றைக்கு அரசியல் செய்கிற இரண்டு தரப்பும் இதை ஒருதடவை ஆறுதலாக இருந்து படித்தால் கொஞ்சம் சத்தம் குறையும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் கிடக்கிறது ஹம்மன்ஹீல் கோட்டை. ஊரார் கடற்கோட்டை என்பார்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தது. 1971 கிளர்ச்சிக் காலத்தில் ஜே.வி.பி. தலைவர் ரோஹண விஜேவீர அடைபட்டிருந்தது இங்கேதான். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. சிறை இருந்த அறையில் காசு கொடுத்துப் படுக்க எனக்கு மனம் வரவில்லை, வருகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை. அந்தத் துண்டுக் கடலைக் கடக்க ஒரு மிதவை ஓடுகிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி, ஆட்கள் எல்லாம் அதில் ஏறலாம். அதற்கு ஊரில் வைத்திருக்கிற பெயர் ‘பாதை’. “பாதை அந்தப் பக்கம் போட்டுது, கொஞ்சம் நில்லுங்கோ” என்று முதல்முறை கேட்கிற புதியவர் திகைத்துத்தான் போவார். பக்கத்துக் கரம்பனில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். தகப்பன் வழியில் நெடுந்தீவார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டியவர். சின்ன வயதிலேயே துறையைப் பார்த்து வளர்ந்தவருக்கு உலகம் சுற்றுவது பெரிய காரியமாகத் தெரிந்திராது.

நாங்கள் இடப்பக்கம் திரும்பினோம். வாணர் பாலம் தாண்டினால் புங்குடுதீவு.

கொழும்பிலும் தெற்கின் சிறு நகரங்களிலும் ஒருகாலத்தில் எங்கே பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை இருந்தாலும் விசாரித்தால் முதலாளி புங்குடுதீவார் என்பார்கள். இன்றைக்கு அவர்களைத் தேடவேண்டியது பாரிஸிலும் ரொறொன்ரோவிலும். 1990களின் தொடக்கத்தில் தீவுகள் கடற்படையின் கைக்குள் வந்தபோது சனம் விட்டுவிட்டுப் போனது. அந்த வெறுமையைத்தான் இந்த மண்ணின் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவழிக் கிராமம்’ தொகுப்பில் எழுதினார். பஸ்ஸில் இருந்து பார்த்தாலே தெரியும்: கூரை போன கல்வீடு, உள்ளே வளர்ந்து வெளியே தலை நீட்டும் வேப்பமரம், நாலு வீடு தள்ளிப் புதுச் சாயம் பூசின கோபுரம். வெளிநாட்டுக் காசு முதலில் சாமிக்குத்தான் வந்து சேர்கிறது. வீட்டுக்கு வர ஆள் வேண்டுமே.

புங்குடுதீவு என்றால் எனக்கு மு. தளையசிங்கத்தை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. எழுத்தாளர், ஆசிரியர், தன் போக்கில் யோசித்த மனிதர். 1971இல் கண்ணகி அம்மன் கோவிலடி நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்டவர்களும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று சத்தியாக்கிரகம் இருந்தார். கைதானார், தாக்கப்பட்டார். அதன் பிறகு உடம்பு தேறவில்லை. 1973இல், நாற்பது வயது ஆவதற்கு முன்னரே இறந்துபோனார். தீவில் தண்ணீர் என்றால் என்ன என்று தெரியாத ஆளுக்கு, ஒரு கிணற்றுக்காக இவ்வளவா என்று தோன்றும். எனக்கும் முன்பு தோன்றியதுண்டு.

இரண்டு வரிசை

குறிகட்டுவான் துறையில் இரண்டு வரிசை நிற்கும். ஒன்று நயினாதீவுக்கு. அது நீளம். வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பங்கள் தாமரை மொட்டுகளோடும், எங்கள் பக்கத்துச் சனம் அர்ச்சனைத் தட்டோடும் ஒரே படகில் ஏறும். கால் மணித்தியாலத்தில் அக்கரை. இறங்கினால் ஒரு பக்கம் நாகபூஷணி அம்மன், கொஞ்சம் நடந்தால் நாகவிகாரை. புத்தர் இரண்டாவது தடவை இலங்கைக்கு வந்து, மணி ஆசனம் ஒன்றுக்காகச் சண்டை பிடித்த மகோதரன், சூளோதரன் என்ற இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்திய நாகதீபம் இது என்கிறது மகாவம்ச மரபு. மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்து சேர்ந்த மணிபல்லவம் இதுதான் என்று சொல்கிற தமிழறிஞர்களும் பலர். இதில் எது சரி என்று வழக்காடப் போகிறவர்கள் போகட்டும். எனக்குப் பிடித்தது, அம்மன் கோவிலில் வருகிற எல்லோருக்கும் மத்தியானச் சோறு போடுகிற மண்டபத்தின் பெயர் அமுதசுரபி என்பதுதான். ஒரு காப்பியத்தின் பாத்திரம் இத்தனை நூற்றாண்டு கழித்தும் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. 1958 கலவரத்திலும் பிறகு 1986இலும் எரிந்து, திரும்பத் திரும்ப எழும்பிய கோவில் அது. ஆனித் திருவிழாவுக்குத் தீவு தாழ்ந்துவிடுமோ என்கிற அளவுக்குச் சனம் வரும்.

மற்ற வரிசை நெடுந்தீவுக்கு. வரிசை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். அரிசி மூட்டை, சமையல் காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, கோழிக்குஞ்சுப் பெட்டி, பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், கச்சேரிக்குப் போய்த் திரும்பும் ஒரு ஐயா, எல்லாம் கலந்து கிடக்கும். ‘குமுதினி’ வந்து அணைந்ததும் சாமான்தான் முதலில் ஏறும், ஆட்கள் பிறகு. ஏறுவதற்குக் கட்டணம் இல்லை. உள்ளே இறங்கி உட்கார்ந்தால் எண்ணெய் மணமும் இயந்திரத்தின் அதிர்வும் முதுகெலும்புவரை ஏறும். பழகினவர்கள் ஏறின உடனேயே கண்ணை மூடிவிடுவார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் வயிறு பிரட்டும் என்று பக்கத்தில் இருந்த அக்கா எனக்குச் சொன்னா. சொல்லிவிட்டு ஒரு எலுமிச்சங்காயைக் கையில் தந்தா.

இந்தப் படகில் ஏறுகிற நெடுந்தீவார் எவருக்கும் 1985 மே 15 நினைவில் இருக்கும். அன்றைக்குத் தீவில் இருந்து புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்து, பயணிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டிக் கொன்றார்கள். ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் மாவிலித்துறையில் விளக்கு வைக்கிறார்கள். அதே படகு திருத்தப்பட்டு மறுபடியும் ஓடத் தொடங்கியபோது, வேறு படகு இல்லாத தீவு அதில்தான் ஏறியது. இன்றைக்கும் ஏறுகிறது. இதைப் பற்றி நான் ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலப் பயணம், காற்று கொஞ்சம் எழும்பினால் கூட.

கல்லும் தண்ணீரும்

ஒல்லாந்தர் இந்தத் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். வேலணைக்கு லைடன், காரைதீவுக்கு (இன்றைய காரைநகர்) ஆம்ஸ்டர்டாம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற்தான் இன்னும் வரைபடங்களிலும் சுற்றுலாக்காரர் வாயிலும் நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறேன் என்று சொல்லிக் காரைநகர் பஸ்ஸில் ஏறினவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. போர்த்துக்கேயர் நெடுந்தீவுக்கு வைத்த பெயர் ‘பசுக்களின் தீவு’. தமிழிலும் பசுத்தீவு என்ற பெயர் உண்டு. குதிரை பிறகு வந்த விருந்தாளி.

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பு, நாலாயிரம் சொச்சம் சனம். பெரிய தீவுகளில் ஒன்று, கடைசித் தீவும் கூட. இறங்கி நடந்தால் முதலில் கண்ணில் படுவது கல்வேலி. எங்கும் கல்வேலி. யாழ்ப்பாணத்து வேலி என்றால் கதியால் நட்டுக் கிடுகு கட்டுவது. ஒவ்வொரு வருடமும் கதியாலை ஒரு சாண் பக்கத்து வளவுக்குள் தள்ளி நட்டு, மூன்று தலைமுறை கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் எங்களில் உண்டு. நெடுந்தீவில் அந்தக் கலை வளரவில்லை. இடுப்பளவு உயரத்துக்கு முருகைக்கல் அடுக்கின வேலியை இரவோடு இரவாகத் தள்ளி வைப்பது லேசான வேலையா?

ஒரு பெரியவர் இடிந்துபோன துண்டு ஒன்றை மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தார். சேர்ட் இல்லை, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். நின்று பார்த்தேன். ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்து இரண்டு முறை திருப்பிப் பார்க்கிறார். பட்டையான பக்கம் எது என்று கை கண்டுபிடித்துவிட்டால், கண் பார்ப்பதில்லை. அகலமானது அடியில், இரண்டு வரிசையாக. நடுவில் சல்லியும் உடைசலும். மேலே போகப்போக ஒடுக்கம். சாந்து கிடையாது, மண்கூடப் பூசுவதில்லை.

“பூசினால் என்ன ஐயா?”

“பூசினால் காத்து எங்காலை போறது தம்பி? சோளகத்துக்கு ஒரு நாள் நிக்காது, அப்பிடியே சரிச்சுப்போடும். இப்ப பாருங்கோ, ஓட்டையுக்குள்ளாலை போகுது.”

குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். வேலிக்கு அந்தப் பக்கத்துக் கடல் காற்று, நூறு சின்ன ஓட்டைகளுக்குள்ளால் பிரிந்து முகத்தில் பட்டது.

இவ்வளவு கல் எங்கிருந்து என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். வேலி கட்டுவதற்காகக் கல் எடுக்கவில்லையாம். நாலு மிளகாய்க் கன்று வைக்க வேண்டுமென்றால் முதலில் நிலத்தில் கிடக்கிற கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கின கல்லை எங்கே போடுவது? ஓரத்தில். அதுதான் வேலி. தீவே ஒரு பழைய பவளப்பாறை. அதன் மேல் மண் கையகலம்.

அந்தப் பாறைதான் தண்ணீர்க் கதைக்கும் காரணம். ஐப்பசியில் இருந்து மார்கழிவரை பெய்கிற மாரி மழை, ஓட்டை நிறைந்த சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல் நீர் நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனம், மழைத் தண்ணீர் லேசு. எண்ணெய் மாதிரி மேலே மெல்லிய படலமாக மிதந்துகொண்டு கிடக்கும் அந்த மழைதான் அடுத்த ஒன்பது மாதத்துக்கும் குடிதண்ணீர். சாராப்பிட்டிப் பக்கம் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பேர்போனவை. மற்ற இடங்களில் பத்தடி தள்ளினால் சவர். சவர் நீக்கும் இயந்திரங்கள் இப்போது வந்திருக்கின்றன, ஆனாலும் கிணற்றை யாரும் மறக்கவில்லை.

நான் தங்கிய வீட்டு ஆச்சிக்கு எழுபது தாண்டியிருக்கும். பின்னேரம் கிணற்றடியில் வாளியை இறக்கும்போது கயிற்றை விசுக்கிப் போடவில்லை. மெல்ல மெல்ல விட்டு, தண்ணீரில் வாளி சாய்ந்து மேல்மட்டத்தை மட்டும் வாரிக்கொள்ளும்படி பிடித்தா. “அடியிலை கலக்கக் கூடாது” என்றா. “கிணத்தை அள்ளவேணும் தம்பி, இறைக்கக் கூடாது. மெசினைப் பூட்டி இறைச்சால் கீழை படுத்திருக்கிற உப்பு எழும்பி வந்திடும். ஒருக்கா எழும்பினதெண்டால் பிறகு மாரிதான் அதைப் படுக்கப் பண்ணவேணும்.” நிலநீர்ப் பொறியியல் வகுப்பில் ஒரு தவணை எடுத்துச் சொல்லும் விஷயம் இது. ஆச்சி அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, அரைச் செம்புத் தண்ணீரில் என்னை முகம் கழுவச் சொன்னா. புங்குடுதீவுக் கிணற்றடியில் தளையசிங்கம் ஏன் குந்தியிருந்தார் என்பது அந்த அரைச் செம்பில் எனக்கு விளங்கியது.

மறுநாள் காலையில் காட்சி இடங்களையும் ஒரு சுற்று பார்த்தேன். பார்க்காமல் வந்தேன் என்றால் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். வளரும் கல் வளர்வதாக எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை பார்த்தபோது இருந்த அளவுதான். பெரிய பாதம் யாருடையது என்பதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள், மூன்றும் நல்ல கதை. பெருக்கமரம் வேறு விஷயம். ஆபிரிக்காவில் இருந்து அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மரம். இராமநாதபுரத்துப் பக்கம் இதைப் பப்பரப்புளி என்பார்கள். வயிறு குடைந்து வெறுமையாகி, ஆட்கள் உள்ளே போய் நிற்கலாம். உள்ளே வெயில் எட்டாது, குரல் திரும்பி வரும். பட்டையில் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போன காதலர்களுக்கு மட்டும் நல்லகதி கிடைக்கக்கூடாது.

ஒல்லாந்தர் கோட்டையும் முருகைக்கல்தான். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் கையாண்டது. ஊர்க்காரர் வேலிக்கு எடுத்த கல்லையே அந்நியன் கோட்டைக்கு எடுத்திருக்கிறான், சாந்து பூசி. வேலி அடுக்கிய ஐயாவின் கணக்குப்படியே காற்று அதைச் சரித்துவிட்டது.

மேற்குப் பக்கம் வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்தில், பவளக்கல்லால் அடுக்கிய பழைய பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் கிடக்கின்றன. வெடியரசன் இந்தக் கடலை ஆண்டவன், கண்ணகி சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு மோதினவன் என்பது வாய்மொழிக் கதை. ஒரே இடத்தில் கண்ணகி கதையும் புத்தர் தூபியும் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம்? மணிமேகலையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அது புதிராக இருக்கக்கூடாது. ஆனால் இந்தக் காலத்தில் இதைச் சொல்லப்போனால் இரண்டு பக்கத்திலும் அடி விழும்.

குதிரைகளைத் தேடித் தெற்குப் பக்கம் போக வேண்டும். மரம் குறைந்து வெளி விரியும். தூரத்தில் குவிந்தாக் கோபுரம், பழைய காலத்துக் கப்பல்களுக்கு வழிகாட்டியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரின் லெப்டினன்ட் நோலன் என்பவர் பெரிய அளவில் வளர்த்தார். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆட்சி போனது, குதிரைகளை யாரும் கப்பலேற்றவில்லை. எனக்கு அன்று தட்டுப்பட்டது பதினொன்று. செம்மண் நிறம், விலா எலும்பு எண்ணலாம். ஒரு தாய், அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி, மற்றவை காய்ந்துபோன குளத்தின் நடுவே, கடைசியாக ஈரம் நின்ற இடத்தைக் குளம்பால் கிண்டிக்கொண்டு நின்றன. 2015இல் தீவின் ஒரு பெரும் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வறட்சி வருடங்களில் குதிரை செத்துக் கிடக்கும் படம் பத்திரிகையில் வரும், பிறகு தொட்டியில் தண்ணீர் ஊற்றும் படம் வரும். “எங்களுக்கே பவுசர் வரவேணும், அதுகளுக்கு ஆர் கொண்டாறது?” என்றார் ஓட்டோ அண்ணை. அவரே பின் இருக்கைக்கு அடியில் ஒரு கான் தண்ணீர் வைத்திருந்ததையும் கண்டேன். இயந்திரத்துக்கா, குதிரைக்கா என்று கேட்கவில்லை.

இரவு

பின்னேரக் கடைசிப் படகு போன பிறகு தீவு வேறு ஒன்றாகிறது. காலையில் இருந்து ஓடிக்கொண்டிருந்த ஓட்டோக்கள் படலைக்குள் போய்விடும். கடைக்காரர் வாங்கை வெளியே இழுத்துப் போட்டு உட்காருவார். அதுவரை என்னைக் கண்டும் காணாமல் போனவர்கள் நின்று கதைக்கத் தொடங்கினார்கள். “படகை விட்டிட்டியளோ?” என்றுதான் முதலில் கேட்டார்கள். வேண்டுமென்றே நின்றுவிட்டேன் என்றதும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்கள். மூன்று வீடுகள்.

ஒரு வீட்டில் கூழ். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்து, நண்டு, றால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு, செத்தல் மிளகாயும் புளியும் கரைத்துப் பெரிய பானையில் காய்ச்சியிருந்தார்கள். கோப்பை கிடையாது. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில்தான் குடிக்க வேண்டும். சூட்டில் பச்சை ஓலையின் மணம் கூழோடு சேர்ந்துவிடும். அதைப் பீங்கானில் ஊற்றி விற்கிற யாழ்ப்பாண நகரத்து விடுதிகளை மன்னிக்க எனக்கு இனி மனம் வராது.

அந்த வீட்டுக்காரர் தொழிலாளி, கடலுக்குப் போகிறவர். அன்றைக்குப் போகவில்லை. “இண்டைக்குப் புதன்” என்றார், அதுவே காரணம் என்பதுபோல. எனக்கு விளங்கவில்லை. மேற்குக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்பது மணி இருக்கும். தொடுவானத்தில் ஒரு பட்டணம் எழும்பினமாதிரி வெளிச்சம். எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன்.

இந்திய றோலர்கள். திங்கள், புதன், சனி. அந்த மூன்று நாளும் எங்கள் பக்கத்துச் சிறு படகுகள் வலை விட யோசிக்கும். விட்ட வலை விடியுமுன்னர் அறுந்துபோகும். இழுவைமடி கடலின் அடியையே வழித்துக்கொண்டு போய்விடும். இலங்கையில் 2017இல் சட்டம் போட்டு அதைத் தடைசெய்தாயிற்று. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் ஓடுகிற படகுக்குச் சட்டம் எங்கே தொடங்குகிறது? தமிழ்நாட்டுப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு எங்கள் ஊர் தெரிந்ததே ‘நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது’ என்ற தலைப்பில்தான். ஊரே அதில் வெறும் அடையாளக்கல். அங்கே ஒரு சனம் இருக்கிறது, அதுவும் தமிழ்ச் சனம், அதுவும் மீன்பிடித்துச் சாப்பிடுகிற சனம் என்பது அந்தத் தலைப்பில் தெரிவதில்லை. அந்தப் படகில் கூலிக்கு வந்து, மாதக்கணக்கில் யாழ்ப்பாணச் சிறையில் கிடக்கிற இராமேஸ்வரத்து ஆளும் ஏழைதான். வீட்டுக்காரர் அதை மறுக்கவில்லை. “அவையளிலை கோவம் இல்லை. மடியிலைதான் கோவம்” என்றார். மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு இரண்டு கரையும் சேர்ந்து போகும்போது ஒரே பாயில் இருந்து கஞ்சி குடிப்பார்களாம். கச்சதீவு நிர்வாகத்தில் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ்தான் வருகிறது.

திரும்பி நடந்தபோது மின்பிறப்பாக்கியின் இரைச்சல் கேட்டது. தீவின் விளக்கெல்லாம் டீசலில் எரிகிறது, அந்த டீசலும் படகில்தான் வரவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியன், காற்று இரண்டிலும் இருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா முகம் சுளித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோனது. பிறகு இந்திய நன்கொடை, ஒரு கோடியே பத்து லட்சம் டொலர். 2024 மார்ச் 1இல் கையெழுத்து. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றாலை. இரண்டு வல்லரசுகள் பிடுங்குப்பட்ட மின்சாரம் எங்கள் வளவுக்குள் எரியப்போகிறது என்று ஊர் இளைஞர் ஒருவர் பகிடி பண்ணினார். சோளகத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றுபார்த்தால், காற்றாலைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது யாருக்கும் தெரியும்.

ஆச்சி வீட்டுத் திண்ணையில் படுத்தபடி, இரவில் சுகமில்லாமல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வைத்தியசாலை இருக்கிறது, அதற்கு மேல் என்றால் படகு. பிரசவம் என்றால் நாள் நெருங்குவதற்கு முன்னமே யாழ்ப்பாணம் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிடுவார்கள். “என்ரை பேத்தி பிறக்கேக்கை கடல் கொந்தளிப்பு. மகள் ஒரு மாதம் முன்னமே போட்டாள்” என்றா. அந்தப் பேத்தி இப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாளாம். படித்து முடித்தால் திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை. ஆச்சியும் அதைத் தொடவில்லை.

விடிய முதல் படகு. ஆச்சி ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் நெய்யும், பத்திரிகைத்தாளில் சுற்றிய புழுக்கொடியலும் தந்து, பேத்தி பஸ் நிலையத்துக்கு வருவாள், கொடுத்துவிடச் சொன்னா. இது இங்கே வழமை. படகில் ஏறுகிற ஒவ்வொருவர் மடியிலும் இன்னொருவருடைய சாமான் இருக்கும். எனக்கும் ஒன்று கிடைத்ததில் சின்னப் பெருமை. குமுதினி ஆடின ஆட்டத்தில் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

பிள்ளை சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு நின்றாள். போத்தலை வாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். மறுபடி இறுக்கி மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்:

“அண்ணை, அங்கை மழை ஏதும் தூறினதோ?”

இல்லை என்றேன்.

“கிணத்திலை எவ்வளவு நிக்குது?”

வாளி இறங்கிய ஆழத்தைக் கையால் காட்டினேன்.